மருந்து படாத மரம்

மழை கொட்டும் ஆஷாட மாதத்தில் சிர்சிப் பக்கத்து ஹொன்னெகத்தெயில் வெயில் முகம் காட்டினால் யாருக்கும் நின்று பேச நேரமிருக்காது. ஊரே மருந்தடிக்க ஓடும். கமுகுக் குலைகளில் அழுகல் இறங்கிவிட்டால் பச்சைக் காய் காம்படியில் கறுத்து, வெள்ளைப் பூசணம் போர்த்துக்கொண்டு பொலபொலவென்று உதிரும். மழைக்கு நடுவில் கிடைக்கும் இரண்டொரு வெளுத்த நாளைத் தவறவிட்டால் அப்புறம் வருஷம் முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படி ஒரு வெளுத்த காலையில் திரியம்பக ஹெக்டே முற்றத்தில் பீப்பாய்களை வைத்து மருந்து கலந்துகொண்டிருந்தான். ஒன்றில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர், இன்னொன்றில் சுண்ணாம்புப் பால். இரண்டையும் சேர்த்து ஊற்றிக் கலக்கி, அரிவாள் நுனியை முக்கிப் பார்ப்பார்கள். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் ஒரு தடவை முக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். திரியம்பகன் முக்குவான், துடைப்பான், மறுபடி முக்குவான், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், கடைசியில் சமையலறையிலிருந்து மனைவியைக் கூப்பிடுவான்.

"பாகி, சிவப்பு தெரியுதா பாரு."

"இல்ல." பாகீரதி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். உங்க மூக்குதான் தெரியுது அதுல."

முற்றத்து ஓரத்தில் மரமேறும் பழைய கால்தளையை முறுக்கிச் சரிசெய்துகொண்டிருந்த ஈரா கௌடா சிரித்தான். மரமேறுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு ஈடு கிடையாது. ஒரு மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, அதை வளைத்து ஆட்டி, பக்கத்து மரத்தைக் கையால் பிடித்துத் தாவிவிடுவான். தரையைத் தொடாமலே பாதித் தோட்டத்தை முடித்துவிடுகிற ஆள்.

"ஒடெயா, அரிவாளுக்கு அழுகல் வராது. குலைக்கு அடிப்போம் வாங்க. மேகம் திரும்பி வந்துரும்" என்றான்.

அன்று முழுக்க வேலை ஓடியது. கீழே வேலையாள் நாகப்பா பம்பை அடிக்க, மேலே ஈரா பீய்ச்ச, மரங்களுக்கிடையே நீலப் புகையாகச் சாரல் தொங்கியது. பிற்பகலில் எல்லாம் முடிந்து, ஈரா இறங்கி, நீலமான கையை ஓடையில் அலசிவிட்டு வந்து கஷாயம் குடிக்க உட்கார்ந்தான். திரியம்பகன் மட்டும் அண்ணாந்த கழுத்தோடு தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஓடைக்கரையில் ஒரு மரம். அதன் குலையில் நீலம் படவில்லை. பச்சைப் பசேலென்று தனியாகத் தெரிந்தது.

ஒரு மரம். அது அழுகினால் அழுகிவிட்டுப் போகட்டும் என்று வேறெந்தத் தோட்டக்காரனும் விட்டிருப்பான். திரியம்பகனுக்கும் அது தெரியும். தெரிந்தும் கால் முற்றத்துக்குத் திரும்பியது.

"ஈரா, ஓடைக்கரையில ஒண்ணு விட்டுப்போச்சு."

ஈரா வானத்தைப் பார்த்தான். ஓடைப் பக்கம் பார்த்தான். அப்புறம் ஹெக்டேயின் முகத்தைப் பார்த்தான். மிச்சக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, லோட்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தளையை எடுத்துக்கொண்டு போனான்.

பாதி மரம் ஏறும்போது தூறல் விழுந்தது. பெரிய மழைகூட இல்லை. தண்டில் பாசி. தளை வழுக்கிய சத்தம் கேட்டது. அப்புறம் தழை மெத்தையில் ஒரு மூட்டை விழுந்தாற்போல் இன்னொரு சத்தம். திரியம்பகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஈரா கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான். ஒரு கால் மட்டும் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

கம்பளியில் கட்டி, கம்பு கொடுத்து, மேட்டுச் சாலைவரை தூக்கிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் சிர்சி, அங்கிருந்து ஹூப்ளி. தொடை எலும்பு. கம்பி வைத்தார்கள். திரியம்பகன் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். செலவு முழுவதையும் அவனே ஏற்றுக்கொண்டான். ஆபரேஷன் மயக்கம் தெளிந்ததும் ஈரா கேட்ட முதல் கேள்வி, "அந்த மரத்துக்கு யாரு அடிச்சாங்க?" என்பது. வார்டே சிரித்தது. திரியம்பகன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

அவன் சுபாவம் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். மழை அதிகமாகப் பெய்தாலும் தன் தப்புதான் என்று நினைப்பவன் என்று கேலி பேசுவார்கள். தங்கை யமுனாவின் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் இனிப்புப் போளியான ஹோளிகெயை இரண்டாவது தடவை வைக்குமுன் இலையை மடித்துவிட்டார். அவருக்கு வயிறு நிரம்பியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி யமுனாவின் பிள்ளைகளே வேலைக்குப் போன பிறகும், "அன்னிக்கு அந்த மாமா ஏதோ மனசுல வெச்சுக்கிட்டுத்தான் எழுந்தார்" என்பான் திரியம்பகன்.

"அண்ணா, அந்த மாமா செத்தே போயாச்சு. அங்க போயும் ஹோளிகெயையா நினைச்சுக்கிட்டிருக்கப் போறார்?" என்பாள் தங்கை.

சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் அவனுக்குள் அந்த இலை மடங்கிக்கொண்டேதான் இருக்கும்.

சின்ன வயதில், உலர்ந்த பாக்கை ரகம் பிரிக்க, அவன் அப்பய்யா என்று கூப்பிடும் அப்பா அவனை உட்கார வைப்பார். பிரித்த குவியலில் ஒரே ஒரு கெட்ட பாக்கு கண்ணில் பட்டால் போதும், மொத்தக் குவியலையும் கையால் கலைத்துவிடுவார். ஏச மாட்டார், அடிக்க மாட்டார். கலைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். பையன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பய்யா போய் வெகுகாலமாகிவிட்டது. கலைக்கும் வேலையை இப்போது அவனே செய்துகொண்டான்.

ஹூப்ளியிலிருந்து திரும்பியதும் பெரியப்பா மகன் கஜானனன் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். வெற்றிலைப் பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தம்பி முறை என்பதால் தம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"தம்மா, ஆளு பொழைச்சுட்டான். கால் சேர்ந்துரும். அப்புறமும் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டிருக்க?"

"நான் சொல்லாம இருந்திருந்தா அவன் ஏறியிருக்க மாட்டான் கஜண்ணா."

"என் தோட்டத்துலயும்தான் போன வருஷம் ஒருத்தன் விழுந்தான். தோள் எறங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், பாத்துக்கிட்டேன். ராத்திரி வந்து படுத்தேன், தூங்கினேன்."

"உங்க ஆளு தானா விழுந்தான். என் ஆளை நான் ஏத்திவிட்டேன்."

"எல்லாரையும் யாரோ ஒருத்தர்தான் ஏத்திவிடறோம். கமுகு மரத்துல ஆசைக்கா ஏறறான் மனுஷன்? பாகி, இவனுக்கு நல்லா மிளகு போட்டு மோர்த் தம்புளி பண்ணிக் குடு. தொண்டையில என்னமோ சிக்கிக்கிட்டிருக்கு."

பாகீரதி சிரித்தாள். கஜானனன் போனபிறகு திரியம்பகன் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுதல் சொல்ல இவ்வளவு தூரம் மழையில் வந்தாரென்றால், ஊரில் எவ்வளவு பேச்சு நடந்திருக்க வேண்டும் என்று யோசித்தான். அந்தப் பேச்சை ஒவ்வொருவர் குரலிலும் தனித்தனியாகக் கேட்டான். சிர்சி பாக்கு சொசைட்டியில் ஒருவர், "உங்க தோட்டத்துல ஆள் விழுந்துட்டானாமே ஹெக்டேரே?" என்று கேட்டிருந்தார். அந்த "ஆமே"யை அவன் எடுத்துவைத்துக்கொண்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் புரட்டினான். படுத்தபிறகும் புரட்டினான்.

மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றும் தன் தோட்டத்துக்கு நடுவே தனியாக இருப்பவை. மழைக்காலத்தில் அடுத்த வீட்டு விளக்குகூடத் தெரியாது. கூரையில் மழை, முற்றத்தில் மழை, மரங்களிலிருந்து சொட்டும் மழை. பேச்சுக்குரல் கேட்க வேண்டுமென்றால் யாராவது குடை பிடித்துக்கொண்டு வர வேண்டும். முன்பெல்லாம் அந்தத் தனிமை திரியம்பகனுக்குப் பிடிக்கும். இப்போது சத்தமெல்லாம் மழையாகவே இருந்ததால் தன் மனசு பேசுவது தெளிவாகக் கேட்டது. வானத்தைப் பார்த்தான் ஈரா. என் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் என்ன இருந்திருக்கும்? போ என்றிருந்திருக்கும். வேண்டாம் என்று அவன் சொல்ல முடியாதபடி ஏதோ இருந்திருக்கும். லோட்டாவைக் கவிழ்த்து வைத்தான். ஏன் கவிழ்த்தான்? கோபமா?

முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் ருசி. சேம்பிலையில் பத்ரோடெ செய்தால் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வான்; தோசைக்கு வெல்லப்பாகு ஊற்றினால் அதில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். குளிக்கப் போனால் வெந்நீர் ஆறும்வரை அடுப்புத் தீயையே பார்த்துக்கொண்டிருப்பான். தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினான். பெங்களூரிலிருந்து மகள் சுமேதா கூப்பிட்டால் மட்டும் குரலைச் சரிசெய்துகொண்டு எழுந்து போவான்.

"நல்லாயிருக்கேன் மகளே. இங்க ஒரே மழை. நீ சாப்பிட்டியா? … ஆமா ஆமா, ஈரா தேறிட்டான்."

போனை வைத்ததும் அந்தக் குரல் கழன்று விழுந்துவிடும். பாகீரதி பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"என்னதான் பண்ணுது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சாப்பிடுங்க."

"ஊர்ல எத்தனை பேருக்கு எத்தனை கஷ்டம் இருக்கு. கால் ஒடைஞ்சவன் அங்க படுத்திருக்கான். எனக்கு என்ன வந்துச்சு? நான் ஏன் இப்படிக் கிடக்கணும்? வெக்கமா இருக்கு பாகி."

இப்படி, கிடப்பதற்காகவும் தன்னை ஏசிக்கொண்டு கிடந்தான்.

அடுத்த தடவை மருந்தடிக்க வேண்டிய வேளை வந்தது. பாகீரதியே கஜானனனிடம் சொல்லி வேறு ஆட்களை வரச்சொன்னாள். அவர்கள் முற்றத்தில் வந்து நின்றபோது திரியம்பகன் உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை.

"மருந்து கலக்கவாவது வாங்க. செம்பு ஏறுதான்னு நீங்கதானே பாக்கணும்."

"நான் வரல. நான் நின்னா யாருக்காவது ஏதாவது ஆகும்."

ஆட்கள் காத்திருந்தார்கள். பாகீரதி தானே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீப்பாயைக் கலக்கினாள். பாதித் தோட்டம் முடியுமுன் மழை வந்துவிட்டது. அடுத்த வாரம் காய்கள் உதிரத் தொடங்கின. அழுகிய காயின் புளித்த நாற்றம் ஈரக் காற்றோடு வீட்டுக்குள் வந்தது. அதை முகரும்போதெல்லாம் திரியம்பகன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். இதுவும் என்னால்தான்.

*

ஈராவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தெளிந்துவிடுவான் என்று பாகீரதிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஈராவின் வீட்டுப்பக்கம் அவன் போகவேயில்லை. அரிசி, எண்ணெய் எல்லாம் நாகப்பா கையில் கொடுத்தனுப்பினான். ஒரு பகலில் மழை சற்றே மெலிந்தபோது பாகீரதி குடையை எடுத்து அவன் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு முன்னால் நடந்துவிட்டாள். பின்னால் போவதைத் தவிர அவனுக்கு வழியில்லை.

ஈரா சுவரோரம் படுத்திருந்தான். மடித்த கம்பளிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மூங்கில் மீன்பொறி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் மனைவி பீமி மூங்கில் குருத்தை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஒடெயா. என்ன இப்படி இளைச்சுட்டீங்க? கால் ஒடைஞ்சது எனக்கா உங்களுக்கா?" என்றான் ஈரா. "எனக்குப் பாருங்க, படுத்த எடத்துல சாப்பாடு. கல்யாணத்தன்னிக்குகூட இவ இப்படிக் கவனிக்கல."

"கவனிச்சேனே. நீதான் கள்ளு குடிச்சுட்டுத் தூங்கிட்ட" என்றாள் பீமி.

திரியம்பகன் தரையில் உட்கார்ந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"ஈரா, என்னாலதான் இதெல்லாம்."

"உங்களாலயா? நீங்களா பாசி வளர்த்தீங்க அந்த மரத்துல?"

"நான் அந்த மரத்தைக் காட்டாம இருந்திருந்தா…"

"காட்டாட்டி மறுநாள் கஜானன ஒடெயர் தோட்டத்துல ஏறியிருப்பேன். அங்கயும் பாசிதான். இத்தனை வருஷமா ஏறினேன், ஒரு நாள் வழுக்கிருச்சு. தளை பழசு. மாத்தணும் மாத்தணும்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். விடுங்க ஒடெயா."

"உனக்கு என்மேல கோவம் இல்லையா?"

ஈரா பதில் சொல்லுமுன் பீமி நிமிர்ந்தாள். "இவருக்கு இல்ல. எனக்கு இருந்துச்சு. மொத வாரம் முழுக்க உங்க பேரைச் சொல்லித் திட்டினேன். ஒரு மரத்துக்காக மனுஷனை ஏத்துவாங்களான்னு. அப்புறம் நாத்து நட வேண்டி வந்துச்சு. வயல்ல எறங்கினேன், மறந்துட்டேன்." உரித்த குருத்தைத் தண்ணீரில் போட்டாள். "அக்கா, இதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க. நல்ல எளசு."

திரும்பும் வழியில் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. பாகீரதிக்கு மனசு லேசாகியிருந்தது. திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"கேட்டீங்களா, மறந்துட்டேன்னாளே."

"திட்டினேன்னாளே" என்றான் திரியம்பகன்.

அவள் நின்றுவிட்டாள். குடைமேல் மழை சடசடத்தது. ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து, ஒரே பேச்சைத்தானே இருவரும் கேட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மனுஷன் எங்கேயோ தன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறான் என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

அவனோ வேறொரு கணக்கில் இருந்தான். கால் உடைந்து படுத்திருப்பவன் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டதே. அவனைக் கீழே தள்ளியதுமில்லாமல், அவன் வாயாலேயே என்னைத் தேற்றவும் வைத்துவிட்டேனே. தளை பழசு என்றானே. எனக்காகத்தான் அப்படிச் சொல்லியிருப்பான்.

*

அதற்குப்பின் தன்னையே ஏசிக்கொள்வதும் அடங்கி, உள்ளே ஒருவித வெறுமை வந்தது. பாகீரதி அதைத் தேறுதல் என்றே நினைத்தாள். ஒரு பிற்பகலில் அவன் தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, "தோட்டத்துக்கா? போய்ட்டு வாங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள்.

திரியம்பகன் உதிர்ந்த காய்களை மிதித்துக்கொண்டு தோட்டத்தைக் கடந்தான். ஓடையின்மேல் கமுகுத் தண்டுகளைக் கட்டிப் போட்ட நடைபாலம் ஒன்று உண்டு. அதன் நடுவில் போய் நின்றான். கீழே வெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. சுற்றிலும் ஒரு மனித ஜீவன் இல்லை. மழைக்குருவிகூட இல்லை.

தான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். துக்கமாக இல்லை. வீட்டில் பண்டம் ஒதுக்கி வைப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பாகி மகளோடு போய் இருந்துகொள்வாள். தோட்டத்தைக் கஜண்ணா பார்த்துக்கொள்வார், தன்னைவிட நன்றாகவே பார்ப்பார். மகள் போனில் யாருடைய பொய்க்குரலையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பயந்து மரமேற வேண்டியதில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எங்கும் இடிக்கவில்லை, எதுவும் மிஞ்சவில்லை.

அதுதான் அவனைத் திடுக்கிட வைத்தது. பிறந்ததிலிருந்து அவனுக்கு எதுவும் ஒரே தடவையில் இப்படிச் சரியாக வந்ததில்லை. இவ்வளவு வழவழப்பாக ஒன்று வருகிறதென்றால் எங்கோ ஏதோ தப்பு இருக்க வேண்டும். எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தெம்பு தன் தலைக்கு இப்போது இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பாலத்தின் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே பின்னுக்கு அடிமேல் அடி வைத்து, கரையைத் தொட்டதும் ஓடினான்.

பாகீரதி கறந்துகொண்டிருந்தாள். நனைந்து, மூச்சிரைக்க வந்து நின்றவனைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"பாகி, என்னால முடியல" என்றான். "என்னைத் தனியா விடாதே."

இத்தனை வருஷக் குடித்தனத்தில், ஒரு லோட்டா தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக் குடிக்கிற மனுஷன். அவன் வாயிலிருந்து இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

சொன்னான். என்னென்ன நினைத்தான் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. அப்புறம் கோபம் வந்தது.

"எத்தனை நாளா உங்க முன்னாடி நின்னு கேட்டேன்? ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே!"

"உனக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்தி. இது வேறயான்னு…"

"இது எனக்கு வேலையா? நீங்க எனக்கு வேலையா?"

வைக்கோல்மேல் உட்கார்ந்து அவன் கையையும் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கட்டு தளர்ந்திருந்த கன்று இதற்குள் தாயிடம் போய் மடி முழுக்கக் குடித்துத் தீர்த்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை.

"நாளைக்கு மொத பஸ்ல சிர்சிக்குப் போவோம்" என்றாள்.

"நாளைக்கு வரைக்கும்?"

"அதுவரைக்கும் நான் இருக்கேன்ல. கஜண்ணாவையும் வரச்சொல்றேன். படுத்துக்கட்டும் இங்கயே."

"அவர்கிட்ட என்னன்னு சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

கஜானனன் வந்தான். அன்று கேலி ஒன்றும் பேசவில்லை. கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, திரியம்பகன் புரண்டபோதெல்லாம், "தம்மா, நான் முழிச்சுத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னான்.

*

சிர்சியில் மனநல டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. திரியம்பகன் தன் முறை வந்தும் எழுந்திருக்கவில்லை. பின்னால் இருந்தவர்களைப் பார்த்து, "அவங்க போகட்டும், அவங்களுக்கு நெசமாவே உடம்பு முடியாம இருக்கும்" என்றான். பாகீரதி அவனை முழங்கையால் இடித்து எழுப்பி, தானும் கூடவே உள்ளே போனாள்.

டாக்டரம்மா நடு வயதுக்காரி. எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஈராவிடம் தொடங்கியவன், யமுனாவின் கல்யாணத்துக்குப் போய், அப்பய்யாவின் பாக்குக் குவியல்வரைக்கும் போய்விட்டான். சட்டென்று நிறுத்தினான்.

"உங்க நேரத்தை வீணாக்கறேன் டாக்டரம்மா."

"என் நேரத்துக்கும் நீங்கதான் பொறுப்பா ஹெக்டேரே?" என்றாள் அவள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்ததால் தொண்டையில் வலித்தது.

"உங்க கஜண்ணா ஆளும் விழுந்தான்னீங்க. அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க அப்ப?"

"வேலைன்னா இப்படி நடக்கும், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கன்னு சொன்னேன்."

"உங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"அவர் வேற" என்றான்.

"எப்படி வேற?"

அவன் பாகீரதியைத் திரும்பிப் பார்த்தான். டாக்டரம்மா விடை சொல்லிக்கொடுக்கவில்லை. மாத்திரை எழுதினாள். "மழையில எல்லாரும் நனையறோம். சில உடம்புல காய்ச்சல் சட்டுனு பிடிச்சுக்கும். உங்க மனசு அந்த மாதிரி. எல்லாத்தையும் நீங்களே தூக்கிப் பழகிட்டீங்க. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். இந்தப் பழக்கம் தளர அதுக்கும் மேல ஆகும். மொத்தமாப் போயிருமான்னா, அதை நான் சொல்ல முடியாது. ஆனா வந்து பேசுங்க. தனியா இருக்க விடாதீங்க அம்மா, இவரை" என்றாள் பாகீரதியிடம். "நேத்து மாதிரி நினைப்பு திரும்ப வந்தா எந்த நேரம்னாலும் கூட்டிட்டு வாங்க."

அந்த வருஷம் பாதி விளைச்சல் போயிற்று. ஈரா கௌடா எழுந்து நடந்தான். கொஞ்சம் சாய்த்து நடந்தான். மரமேறுவதை விட்டுவிட்டு மீன் பக்கம் போனான். திரியம்பகனுக்கு நல்ல வாரங்களும் வந்தன, போர்வையைவிட்டு எழ முடியாத வாரங்களும் வந்தன. மாதம் ஒரு தடவை சிர்சி பஸ் ஏறினான். இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் தகடுகளை இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே இருட்டும் ஈரத்துணி வாடையும். சிர்சியைத் தாண்டுவதற்குள் பாகீரதி தூங்கிப்போனாள். அவள் தலை ஆடி ஆடி வந்து அவன் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை நாளும் அவளும்தான் தூங்கியிருக்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. விரலிடுக்கில் இன்னும் போகாத துத்த நீலம். உடனே உள்ளிருந்து அந்தப் பழகிய குரல் வந்தது: பார், இவளை என்ன பண்ணி வைத்திருக்கிறாய்.

அது பேசட்டும் என்று இருந்தான். தோளை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டான்.

பஸ் மலைப்பாதையில் திரும்பித் திரும்பி இறங்கியது. ஹொன்னெகத்தெ விலக்கு வந்தது. கண்டக்டர் சங்கிலியை இழுத்து மணியடித்தான். பஸ் நின்றது. வெளியே மழை நன்றாகவே பிடித்திருந்தது.

"ஹெக்டேரே, உங்க எடம் வந்தாச்சு. எறங்கலையா?"

திரியம்பகன் வாயில் விரலை வைத்துக் காட்டினான்.

"போகட்டும்" என்றான் தணிந்த குரலில். "தூங்கறா. அடுத்த எடத்துல எறங்கிக்கறோம்."

"அங்கேருந்து திரும்பி நடக்கணுமே இந்த மழையில?"

"நடந்துக்கறோம்."

கண்டக்டர் ஒரு கணம் அவனைப் பார்த்தான். அப்புறம் மணியை மெதுவாக அடித்தான். விலக்கும், அதன் பக்கத்துப் பலாமரமும், தன் வீட்டுக்கு இறங்கும் பாதையும் ஜன்னல் தகட்டின் இடுக்கு வழியாக ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போவதைத் திரியம்பகன் பார்த்துக்கொண்டிருந்தான்.